துறைமுக வாசலில் தேசம்

(திருவொற்றியூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'தேசியக் கோட்பாடுகளும் தேச-அரசின் வருங்காலமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகப் பாரிஸில் ஆரம்பிப்பார்கள். 1882ஆம் ஆண்டு சொர்போனில் எர்னஸ்ட் ரெனான் ஆற்றிய உரை. தேசம் என்பது இனத்தாலோ மொழியாலோ மதத்தாலோ ஆவதில்லை, சேர்ந்து வாழ்வோம் என்று மக்கள் அன்றாடம் கொடுக்கும் சம்மதத்தால் ஆவது என்றார். தேசம் உருவாகக் கொஞ்சம் மறதியும் தேவை என்றும் சொல்லிவைத்தார். அங்கிருந்து நூறு வருடம் தாண்டி 1983க்கு வருவார்கள். அந்த ஒரே ஆண்டில் மூன்று முக்கியமான புத்தகங்கள் வந்தன. எர்னஸ்ட் கெல்னர், தேசியம் தொழில்மயச் சமூகத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்றார். பெனடிக்ட் ஆண்டர்சன், அச்சு எந்திரமும் வணிகமும் சேர்ந்து, ஒருவரையொருவர் பார்த்தே இராத லட்சக்கணக்கானோரை ஒரே சமூகமாகக் கற்பனை செய்யவைத்தன என்றார். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த நூல், பழமையானவை என்று நாம் நினைக்கும் சடங்குகளில் பல அண்மையில் உண்டாக்கப்பட்டவை என்று காட்டியது. எல்லாவற்றையும் ஐரோப்பாவே கற்பனை செய்து முடித்துவிட்டால் எங்களுக்குக் கற்பனை செய்ய என்ன மிச்சம் என்று பத்தாண்டு கழித்துப் பார்த்தா சாட்டர்ஜி கேட்டார். நியாயமான கேள்வி.

அதே 1983 ஜூலையில்தான் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தேசியத்தைப் பற்றிய சிறந்த நூல்கள் இங்கிலாந்தில் வெளிவந்துகொண்டிருந்த வருடமும், தேசியத்தின் பெயரால் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடிய வருடமும் ஒன்றே.

இந்த மேடை சென்னைக் கோட்டைக்கு வடக்கே இருப்பதால் நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை உள்ள இந்தக் கரையில் எல்லாமே வாசல்தான். துறைமுக வாசல், மில் வாசல், ஃபேக்டரி வாசல், ரயில் வாசல். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. தேசியக் கோட்பாடுகள் பள்ளிக்கூடத்தையும் அச்சகத்தையும் நிறையப் பேசின. வாசலைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. யாரை உள்ளே விட்டார்கள், யாரைக் காக்க வைத்தார்கள், யாருக்குக் கேட்டைச் சாத்தினார்கள் என்பதிலிருந்து தேசத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

மூலகொத்தளத்திலிருந்து தொடங்குகிறேன். ஆண்டர்சன் தன் புத்தகத்தில் தேசிய உணர்வின் மிகப் பெரிய அடையாளமாக எடுத்துக்கொள்வது பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறையை. உள்ளே யார் என்று தெரியாது, யாரும் இல்லாமலும் இருக்கலாம். அதனாலேயே தேசம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது என்பது அவருடைய வாதம். நம்முடைய மூலகொத்தளம் இடுகாட்டில் இருப்பவை பெயர் உள்ள கல்லறைகள். நடராசன், தாளமுத்து. 1938இல் ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியபோது மறியல் செய்து சிறை சென்றவர்கள். நடராசன் 1939 ஜனவரியிலும் தாளமுத்து மார்ச்சிலும் சிறைவாசத்தில் இறந்தார்கள். நடராசன் இதே வடசென்னையின் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பத்துப் பிள்ளை. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள், அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். அவர்களைச் சிறையில் வைத்தது வெள்ளைக்கார கவர்னரின் நேரடி ஆட்சி அல்ல. விடுதலைப் போரை நடத்திக்கொண்டிருந்த தேசியக் கட்சியின் அமைச்சரவை. ஒரு தேசியம் அதிகாரத்தின் முதல் படியில் கால் வைத்ததுமே இன்னொரு தேசிய உணர்வுக்குத் தியாகிகளைக் கொடுத்துவிட்டது. 1940இல் கட்டாய ஹிந்தி விலக்கிக்கொள்ளப்பட்டது, ஆனால் கல்லறைகள் நின்றுவிட்டன. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 25ஆம் தேதி கட்சித் தலைவர்கள் மாலையுடன் அங்கே போகிறார்கள். அந்தத் தேதி இருவர் இறந்த நாளும் அல்ல, 1965 ஹிந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் தேதி. ஹாப்ஸ்பாம் இருந்தால் புன்னகை செய்திருப்பார். எனக்கு அதில் ஏளனம் இல்லை. எந்தத் தேசிய இனமும் தன் நாள்காட்டியைத் தானேதான் எழுதிக்கொள்கிறது.

நடராசனின் சாதியை ஏன் குறிப்பிட்டேன் என்பதற்குப் பதினேழு பதினெட்டு வருடம் பின்னால் போக வேண்டும். கெல்னரைச் சோதித்துப் பார்க்க இந்தியாவில் பெரம்பூரைவிட நல்ல இடம் கிடைக்காது. தொழிற்சாலையில் ஆள் மாற்றி ஆள் வேலை செய்ய வேண்டும், அதற்கு எல்லோருக்கும் பொதுவான படிப்பும் பொதுவான மொழியும் வேண்டும், அந்தப் பொதுப் பண்பாட்டைக் காப்பாற்ற ஓர் அரசு வேண்டும், இப்படித்தான் தேசம் பிறக்கிறது என்பது கெல்னரின் கணக்கு. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு மில்கள். பின்னி கம்பெனிக்குச் சொந்தமானவை, பி அண்டு சி என்றால்தான் இங்கே பலருக்குத் தெரியும். அங்கே நெய்த காக்கித் துணி பட்டாளத்துக்குப் போனது. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர் திரு.வி.க. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அன்றைக்கிருந்த குறைகளில் ஒன்று. ஓடிப்போய்ச் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு கேட் சாத்துவதற்குள் திரும்பி வர வேண்டும்.

திரு.வி.க.வைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய வருடம்தான் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியராக உட்கார்ந்தவர். அரசியலை நல்ல தமிழில் எழுத முடியும் என்று காட்டியவர். ஆண்டர்சன் சொல்லும் அச்சும் கெல்னர் சொல்லும் ஆலையும் இந்த ஒரு மனிதரிடம் கைகுலுக்கிக்கொண்டன. தேசியமும் தொழிலாளர் இயக்கமும் ஒன்றாகப் போய்விடும் என்று யாரும் நினைத்திருக்கலாம்.

1921இல் அது உடைந்தது. மே மாதம் கர்நாடிக் மில்லில் தொடங்கிய வேலைநிறுத்தம் பக்கிங்ஹாம் மில்லுக்கும் பரவி அக்டோபர் வரை இழுத்தது. முந்தைய வேலைநிறுத்தங்களில் கடன்பட்டு நொந்திருந்த ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மாறி மாறித் தாக்குதல், ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். காங்கிரஸ்காரர்களும் நீதிக்கட்சிக்காரர்களும் மற்றபடி எதிரும் புதிருமாக இருந்தவர்கள், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கத்திலும் கணிசமானோர் சாதி இந்துத் தொழிலாளர்களோடு சேர்ந்து நின்றார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போனவர்கள் சேரிக்கும் ஊருக்கும் திரும்பியதும் தனித்தனிச் சமூகமாக இருந்தார்கள். ஆலை அவர்களை ஒன்றாக அரைத்துவிடவில்லை.

கெல்னர் முட்டாள் இல்லை. தொழில்மயச் சமூகத்தில் கரைய மறுக்கும் அடையாளங்கள் இருக்கும் என்று அவரே ஓர் அத்தியாயம் எழுதினார். தோல் நீலமாக உள்ள ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்து, அவர்கள் கீழ்த்தட்டிலேயே தங்கிவிட்டால் பொதுத் தேசியத்தில் கலக்க முடியாமல் போகும் என்று விளக்கினார். புளியந்தோப்பைப் பார்த்திருந்தால் நீலத் தோலைக் கற்பனை செய்யும் சிரமம் அவருக்கு மிச்சமாகியிருக்கும். இங்கே தோலில் நிறம் எதுவும் தனியாகத் தெரிய வேண்டியதில்லை, தெருவின் பெயர் போதும். சுதேசி இயக்கம் உச்சத்திலிருந்த நாளிலேயே அயோத்திதாசர் 'தமிழன்' இதழில் இதை எழுப்பினார். சாதியைக் கட்டிக்கொண்டு சுதேசம் பேசுகிறீர்களே, அந்தச் சுதேசத்தில் நாங்கள் யார் என்று கேட்டார். தேசியக் கோட்பாட்டு வரலாறுகளில் அவர் பெயர் அரிதாகவே வருகிறது. வர வேண்டும்.

ஆக, அந்த நடராசன் 1938இல் தமிழுக்காகச் சிறை போனதை மொழிப்பற்று என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கைவிட்ட பேட்டைகளிலிருந்து ஒருவர் எழுந்து, ஒரு புதிய சமூகத்துக்குள் முதல் வரிசையில் தனக்கு இடம் கேட்டார் என்றும் அதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

ராபின்சன் பூங்காவைச் சொல்லாமல் ராயபுரத்தைத் தாண்ட முடியாது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். திராவிட நாடு கேட்டுப் பிறந்த கட்சி. அண்ணா 1962இல் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே அந்தக் கோரிக்கையை ஒளிவுமறைவில்லாமல் வைத்தார். அதே வருடக் கடைசியில் சீனப் போர். கோரிக்கையை ஒத்திவைத்தார். 1963இல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாயிற்று. கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. நாலே வருடத்தில் ஆட்சியைப் பிடித்தது. 1969இல் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றியது, அதே வருடம் ராஜமன்னார் குழுவை அமைத்தது, 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டது.

இதை ஆல்ஃபிரட் ஸ்டெபான், ஹுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் மூவரும் 2011இல் வெளியிட்ட ஒரு நூலில் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். பிரான்ஸைப் போல ஓர் அரசுக்கு ஒரு தேசம் என்று வார்க்கப் பார்ப்பது தேச-அரசு. பல தேசிய உணர்வுகளை வைத்துக்கொண்டே எல்லோருக்கும் பொதுவான ஓர் அரசின் மேல் பற்றை வளர்ப்பது அரசு-தேசம். இந்தியா இரண்டாவது வழியில் போனதால் தமிழ்நாட்டில் பிரிவினை தணிந்தது; இலங்கை 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்து, 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டு முதல் வழியில் போனதால் பிரிவினை வளர்ந்தது என்று ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலும் சரியான ஒப்பீடு. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா அந்த வழியை உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 1965இல் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்துவிட்டு, 1967இல் தேர்தலில் தோற்றுவிட்டுத்தான் அந்த வழிக்கு வந்து சேர்ந்தது. கிடைத்த இணக்கம் பேரத்தில் கிடைத்தது. பேரத்தில் கிடைத்ததை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி கடலைத் தாண்டி ஒரு வாசலுக்குப் போவோம். ரங்கூன். சென்னையிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் கப்பலேறிப் போனவர்கள் கட்டிய நகரம் என்று சொன்னால் பர்மியர்களுக்குக் கோபம் வரும், ஆனால் 1930களில் அந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் சம்பளம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கம்பெனிகள் பர்மியரை இறக்கின. பிறகு தகராறு தீர்ந்ததும் பர்மியரை வெளியே அனுப்பிவிட்டுத் தெலுங்கரையே திரும்ப எடுத்தன. வாசலில் இரண்டு கூட்டமும் மோதின. சில நாள் கலவரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அந்தச் சூட்டில் பிறந்ததுதான் 'நாம் பர்மியர்' என்று பொருள்படும் தோபாமா இயக்கம். ஆங் சான் அரசியலில் வளர்ந்தது அந்த இயக்கத்தில். பர்மாவின் விடுதலைத் தேசியத்தைத் தூண்டிய பொறிகளில் ஒன்று துறைமுக வாசலில், இன்றைக்கு யாருக்கு வேலை என்ற கேள்வியில் விழுந்தது. அதே பர்மாவில் அதிகாரியாக இருந்த ஃபர்னிவால், வெவ்வேறு கூட்டத்தார் சந்தையில் மட்டும் சந்தித்துக்கொண்டு வேறெங்கும் கலக்காத சமூகத்துக்குப் 'பன்மைச் சமூகம்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்த சந்தையில் பாதி நம் ஆட்கள். வட்டிக் கடை வைத்திருந்தவர்களும் நம் ஆட்கள்தான், அதையும் மறைக்க வேண்டாம். உலகப் பொருளாதார மந்தத்தில் கீழ்ப் பர்மாவின் நெல்வயலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளையும் வங்கிகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் கையில் அகப்பட்டதோடு கப்பல் ஏறினார்கள். வந்து இறங்கிய இடம் சென்னைத் துறைமுகம். அவர்களில் பலருக்கு இது தாயகம் திரும்புவது அல்ல, முதல் தடவையாகப் பார்ப்பது. வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியமர்ந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையோரத்தில் அரசு கடை போட இடம் கொடுத்தது. அதுதான் பர்மா பஜார்.

பர்மா பஜாரைப் பற்றி அரசியல் அறிவியல் துறையில் யாராவது முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்தக் காலத்து இந்தியா லைசென்ஸ் இந்தியா. வெளிநாட்டுச் சாமான் உள்ளே வரக் கதவு சாத்தியிருந்தது. ஜப்பான் டிரான்சிஸ்டர், சிங்கப்பூர் சென்ட், நைலான் புடவை, கேசட் எல்லாவற்றுக்கும் ஊரே பர்மா பஜாருக்குத்தான் போகும். பேரம் பேசத் தெரியாதவன் பிளாஸ்டிக் டப்பாவோடு வீடு திரும்புவான். ஒரு நாடு தொழிலைத் தேசியமயமாக்கியதால் துரத்தப்பட்டவர்கள், இன்னொரு நாட்டின் சுங்க மதிலில் இருந்த விரிசல்களில் பிழைத்தார்கள். 1991க்குப் பிறகு கதவு திறந்தது, அந்தப் பஜாரின் பழைய மவுசு போய்விட்டது. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் வண்டிக்கடையில் அத்தோ கிடைக்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தைத் திணித்து எண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். பர்மா இவர்களைத் தன் மக்கள் இல்லை என்றது, இவர்கள் பர்மாவின் சமையலை வடசென்னையின் சமையல் ஆக்கிவிட்டார்கள்.

சரி, தேச-அரசின் வருங்காலத்துக்கு வருகிறேன். உலகமயம் வந்தபோது, இனித் தேச-அரசு கரைந்துபோகும் என்று எழுதிக் குவித்தார்கள். சமீப வருடங்களில் அதற்கு நேர்மாறாக, தேச-அரசு திரும்பி வந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். இரண்டு கூட்டத்தாரையும் ராயபுரம் மதிலோரம் ஒரு நடை கூட்டிப் போகலாம்.

சென்னைத் துறைமுகத்தின் முதல் கன்டெய்னர் முனையம் 2001இல் பி அண்டு ஓ கம்பெனிக்கு விடப்பட்டது. 2006இல் துபாய் அரசின் டிபி வேர்ல்டு அந்தக் கம்பெனியை வாங்கியது. அதே விற்பனையில் அமெரிக்கத் துறைமுகங்கள் சிலவும் கைமாற இருந்தன. அமெரிக்க நாடாளுமன்றமே கொந்தளித்தது, கடைசியில் துபாய்க்காரர்கள் அமெரிக்கப் பகுதியை விற்றுவிட்டார்கள். இங்கே போர்டு மாறியது, அவ்வளவுதான். இரண்டாவது முனையத்தை நடத்துவது சிங்கப்பூரின் பிஎஸ்ஏ, அதுவும் அந்த அரசின் டெமாசெக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. கொஞ்சம் மேற்கே மணலி. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கியபோது இந்திய அரசோடு அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்குதாரர்கள். அமெரிக்காவும் ஈரானும் ஒரே மேஜையில்! அமோகோ எப்போதோ போய்விட்டது. ஈரான் தரப்புக்கு இன்றும் சுமார் 15 விழுக்காடு பங்கு இருக்கிறது. நேருவின் வேண்டுகோளுக்கு இணங்கத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் எண்ணூரின் அசோக் லேலண்ட். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு எடுத்த புல்லட் வண்டி, இங்கிலாந்துப் பெயரோடு இதே திருவொற்றியூரில் உருவானது. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மூடிப்போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்டு டி கட்டி 2018இல் அதானி கைக்குப் போனது.

இதைப் பார்த்தால் முதல் கூட்டம் சொன்னது சரி போலத் தோன்றும். ஆனால் யார் வாங்கினார்கள் என்று பாருங்கள். துபாய் அரசு, சிங்கப்பூர் அரசு, ஈரான் அரசு. அரசுகள் கரையவில்லை. அவை ஒன்றின் வாசலில் இன்னொன்று கடை வைத்திருக்கின்றன.

1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது, ஒரு பங்கு 25 ரூபாய் என்று நாற்பதாயிரம் பங்குகளைப் போட்டுப் பத்து லட்சம் திரட்டப் பார்த்தார். கப்பல் யாருடையது என்பதே அப்போது தேசியக் கேள்வி. சிறையிலிருந்து 1912 கடைசியில் வெளியே வந்தபின் அவர் குடியிருந்த இடங்களில் பெரம்பூரும் ஒன்று, தொழிலாளர்களோடு பழகினார். அவர் இன்று திரும்பி வந்தால் கப்பலின் பின்பக்கக் கொடியைப் பார்த்துத் திகைப்பார். உலகக் கப்பல்களில் பெரும்பகுதி பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்று கட்டணம் குறைவான, கேள்வி குறைவான கொடிகளில் ஓடுகிறது.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று ஐல் ஆஃப் மேன் கொடியில் வந்த எரிவாயுக் கப்பல் பிடபிள்யூ மேப்பிள். மற்றது இந்தியக் கொடியில் வந்த டான் காஞ்சிபுரம். பெரிய கசிவு இல்லை என்றுதான் முதலில் செய்தி வந்தது. அடுத்த நாள்களில் எர்ணாவூர்க் குப்பத்துக் கரையில் கருப்புக் குழம்பு கனத்து ஒதுங்கியது. அதை அள்ளியது எதனால்? வாளியால். மீனவர், மாணவர், கடலோரக் காவல் படையினர் வரிசையாகப் பாறை மேல் நின்று வாளியைக் கைமாற்றினார்கள். சூப்பர் சக்கர் எந்திரம் அந்தக் கெட்டிக் குழம்பில் திணறியது. மீன் வாங்க ஆள் இல்லாமல் காசிமேட்டில் வாரக்கணக்கில் வியாபாரம் படுத்தது. கப்பலின் கொடி ஒரு தீவினுடையது, துறைமுகம் மத்திய அரசினுடையது, கரை மாநில அரசினுடையது, கடல் எல்லைச் சட்டம் 1976இல் நாடாளுமன்றம் போட்டது, வாளி குப்பத்தினுடையது. இறையாண்மை என்று பாடப்புத்தகத்தில் ஒரே பொருளாக இருப்பது நிஜத்தில் இத்தனை கைகளில் துண்டாகக் கிடக்கிறது. துண்டுகளில் வருமானம் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளப் போட்டி இருக்கிறது. பொறுப்பு உள்ளவற்றுக்கு இல்லை. தேச-அரசின் வருங்காலம் என்று நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

சரக்குக்கு வாசலை இவ்வளவு திறந்துவிட்ட அரசு, ஆளுக்கு எப்படி நடந்துகொள்கிறது? இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கேட்கும் மொழிகளில் ஹிந்தியும் ஒடியாவும் வங்காளமும் உண்டு. மூலகொத்தளத்துக்குக் கூப்பிடு தூரத்தில், எந்த அரசாணையும் இல்லாமல், கூலி ஹிந்தியைக் கொண்டுவந்திருக்கிறது. இதைக் கண்டு பதறுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நடராசன் எதிர்த்தது திணிப்பை, பிழைக்க வந்தவனின் பேச்சை அல்ல. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கெங்கோ நடந்ததை ஒட்டிப் போட்டவை. பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துப் பொய் என்று உறுதிசெய்தார்கள். செய்தித்தாள் தேசத்தைக் கற்பனை செய்ய வைத்தது என்றார் ஆண்டர்சன். கைப்பேசி இரண்டு மாநிலத்தாரையும் எதிரிகளாகக் கற்பனை செய்யவைக்க ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் அசாம்காரர்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவுசெய்து பாதுகாக்க 1979லேயே சட்டம் வந்தது. ஒரே தேசத்தின் குடிமக்கள் என்றாலும், வாக்கு ஒரு மாநிலத்தில், வியர்வை இன்னொன்றில். அவர்களுக்காகக் குரல் கொடுக்க இரண்டு சட்டமன்றத்திலும் யாருக்கும் அவசரம் இல்லை.

அவர்கள் கையிலாவது குடியுரிமை இருக்கிறது. எண்ணூரிலிருந்து வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. அங்கே ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். முதலில் வந்தவர்கள் 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நாடு பஜார் கொடுத்தது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை ஏற்கச் சம்மதித்தது. கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

விடை கோட்பாட்டில் இல்லை, தேதியில் இருக்கிறது. இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்பது 1987 ஜூன் முடிய இருந்த சட்டம். ஜூலை 1இலிருந்து பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் இறுக்கி, உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகுத்தது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டுக்கு மட்டும், அதிலும் முஸ்லிம் அல்லாதவருக்கு மட்டும் வழி விட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முகாமில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் படித்து, இந்த ஊர் உப்பைத் தின்று வளர்ந்து, நாற்பதை நெருங்கும் மனிதர் ஒருவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, வாக்கு கிடையாது. ரெனான் கேட்ட அன்றாடச் சம்மதத்தை அவர் தினமும் கொடுக்கிறார். வாங்கிக்கொள்ள மறுபக்கத்தில் ஆள் இல்லை.

தமிழ்நாடு அரசு 2021இல் அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, வீடுகள் கட்டித் தருகிறது. அதற்கு மேல் அதன் கையில் இல்லை, குடியுரிமை ஒன்றியத்தின் பட்டியலில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் மத்திய - மாநில உறவுகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ராஜமன்னார் குழுவுக்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்து வந்திருக்கும் வாய்ப்பு. நிதி, கல்வி, ஆளுநர் என்று எதிர்பார்க்கிற விஷயங்களையே எல்லோரும் அதனிடம் பேசுவார்கள். குடியுரிமை விஷயத்தில் மாநிலத்துக்கும் ஒரு குரல் வேண்டும், குறைந்தபட்சம் தன் மண்ணில் பிறந்து முப்பது வருடம் தன் செலவில் வளர்ந்தவர்களுக்காகப் பரிந்துரைக்கும் உரிமையாவது வேண்டும் என்று இந்த ஊரிலிருந்து ஒரு மனு போகலாம். கனடாவில் குடியேறிகளைத் தேர்ந்தெடுப்பதில் கியூபெக் மாநிலத்துக்கு மத்திய அரசோடு 1991லிருந்து தனி ஒப்பந்தமே இருக்கிறது. குடியுரிமை கொடுப்பது அங்கும் மத்திய அரசுதான், ஆனால் யார் வரலாம் என்பதில் மாநிலத்தின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கனடா அதனால் உடைந்துபோய்விடவில்லை. மனுவை எழுதச் சட்டக் கல்லூரி மாணவர்கள் யாராவது முன்வந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.